தாம்போதிக்கு மேற்கே குடியிருப்பது

காலை ஆறரை மணிக்குக் கிட்டங்கித் தாம்போதியில் நின்று பார்த்தால் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கடந்து போவதைக் காணலாம். கிழக்கே போகும் கூட்டத்தில் கல்முனைப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள், கடைகளில் நிற்கும் இளைஞர்கள், மேசன்மார், தச்சர், அலுவலகத்தார். கிளினிக் நாளென்றால் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகும் முதியோர். மேற்கே வரும் கூட்டத்தில் நாவிதன்வெளிப் பிரதேசத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், கல்முனையில் வீடும் இந்தப் பக்கம் வயலும் உள்ளவர்கள். எட்டு மணிக்குள் இந்த ஆரவாரம் அடங்கிவிடும். அதன்பின் சவளக்கடையின் உள்வீதியொன்றில் நடந்தால் பாயில் காயும் நெல்லையும், அதைக் கோழியிடமிருந்து காக்க இருக்கும் ஒரு பெத்தாவையும் தவிர, நெடுநேரத்துக்கு வேறெவரையும் காணமாட்டீர்கள்.

"அமைதியான இடம், கல்முனையும் கிட்டத்தான்" என்று சொல்லித்தான் இவ்வாறான இடங்களில் வளவுகள் கைமாறுகின்றன. இடம்பெயர்ந்து பல காலம் உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் நெருக்குப்பட்டுக் கிடந்த குடும்பத்துக்கு இவ்வார்த்தைகள் எவ்வளவு இனிக்கும் என்பது எமக்குத் தெரியும். சொல்லப்படுவதும் பொய்யல்ல. ஆயினும் அங்கு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை வளவைப் பார்த்து மட்டும் அறிய முடியாது.

வேலைக்காகத் தினமும் நீரைக் கடந்து போவது இப்பகுதிக்குப் புதிதல்ல. கடலோர மணற்பாங்கில் குடியிருப்பதும், மேற்கே உள்ள தாழ்ந்த களிநிலத்தில் வேளாண்மை செய்வதும் எம் மூதாதையர் கண்ட ஒழுங்கு. தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒன்றுபோலவே இருந்தனர். விதைப்புக்கும் அறுவடைக்கும் வயலுக்குப் போய் வாடியில் தங்கி, சூடடித்து, மூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினர். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணைகட்டிச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாக்கப்பட்ட பின்னர், வாய்க்கால் நீரை நம்பி மேற்கிலேயே குடும்பங்கள் நிரந்தரமாகக் குடியமர்ந்தன. இலக்கங்களையே பெயராகக் கொண்ட கொலனிகளும் கிராமங்களும் அக்காலத்தின் அடையாளங்களே. அன்று குடிவந்தவருக்கு வீட்டுப் படலைக்கு அப்பால் சிறிது தூரத்திலேயே பிழைப்பு இருந்தது. கல்முனைக்குப் போவது துணி வாங்கவும் நோய்க்கு மருந்தெடுக்கவும் மட்டுந்தான்.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபக்கமாகப் போகிறார்கள். கொலனிக்காரருக்குக் கொடுத்த வயல் இரண்டு தலைமுறைக்குள் பங்குபோட இயலாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. அறுவடை இயந்திரம் வந்தபின் வெட்டுக் கூலியும் சூடடிக்கும் கூலியும் இல்லாமற் போயின. முன்பு ஒரு வட்டைக்கு நாட்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இப்போது இயந்திரம் ஒரு பகலில் முடித்துவிட்டு அடுத்த வட்டைக்குப் போய்விடுகிறது. போரினால் 1990 இல் இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்களிற் சிலரின் பிள்ளைகள் அதற்குள் பட்டணப் பாடசாலைகளில் வேரூன்றிவிட்டனர். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டக் கரையோரம். அதன்பின் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கிழக்கில் தடைவிதிக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டாலும், கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இடமேது? மேற்கே பார்க்க வேண்டியதாயிற்று.

இவ்வாறாக, வயற்காரரின் ஊராக இருந்தது மெல்ல மெல்ல இராத்தங்கும் ஊராக மாறி வருகிறது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியோரும் கைக்குழந்தைக்காரரும் மட்டுமே. முன்னைய நாளில் ஒரு வீட்டில் பாம்பு புகுந்தால் கூப்பிட்ட குரலுக்கு வயலிலிருந்து நாலுபேர் ஓடிவருவார்கள். இன்று தொலைபேசியில் கல்முனைக்குச் சொல்லி அங்கிருந்து மகன் வரவேண்டும். புதிதாகக் குடிவருவோர் இதை முதல் மாதத்தில் உணருவதில்லை. அவர்களும் காலையில் போய் மாலையில் வருபவர்கள்தானே. வீட்டில் இருக்கும் தாயைக் கேட்டால் தெரியும்.

இரவு வேறுவிதம். மாலை ஆறு மணிக்கு ஊர் நிறைகிறது, சந்தியில் தேநீர்க் கடை கலகலக்கிறது, எட்டு மணிக்கு மீண்டும் அடங்குகிறது. அறுவடை முடிந்த காலங்களில் இப்பிரதேச வயல்களுக்கு யானைகள் வருவதுண்டு. கல்முனையில் கடை பூட்டிவிட்டுப் பிந்தி வருபவர்கள் தனியே வராமல் இருவர் மூவராகச் சேர்ந்து வருவது பயந்த சுபாவத்தினால் அல்ல.

எனினும் இந்த வாழ்க்கையின் உண்மையான சோதனை மாரியில்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மேற்கே பெய்யும் மழையும் குளங்களின் மேலதிக நீரும் வயல்வெளிகளால் வடிந்து மட்டக்களப்பு வாவியின் தென்கோடிப் பக்கமாக இறங்குகின்றன. அந்த நீரின் பாதையில் கிடக்கிறது கிட்டங்கித் தாம்போதி. கடும் மழை பெய்த ஆண்டுகளில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாய்ந்து, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நின்று, உழவு இயந்திரத்தில் ஏறியே மக்கள் கடந்திருக்கிறார்கள். அதுவும் முடியாமற் போன நாட்களும் உண்டு. கண்ணுக்கெதிரே தெரியும் நற்பிட்டிமுனைக்குப் போகச் சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்ற வேண்டும். அந்தப் பாதைகளும் வெள்ளத்துக்குத் தப்பியவை அல்ல. 2024 நவம்பர் 26 இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைப் பார்த்துத் தைரியங்கொள்ளும் பழக்கம் எம்மிடம் உண்டு. ஓடும் நீருக்குச் சில்லின் உயரம் ஒரு பொருட்டல்ல.

ஆகவே இங்கு வளவு பார்க்க வரும் ஒருவர் என்னிடம் கேட்டால், கோடையில் அல்ல, மார்கழியில் வந்து பாருங்கள் என்பேன். அயல் வீட்டாரிடம், "கடந்த மாரியில் எத்தனை நாள் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை? எத்தனை நாள் சம்பளம் போயிற்று?" என்று கேளுங்கள். நாட்கூலிக்காரருக்குப் பத்துநாள் வெள்ளம் என்றால் மாதத்தில் மூன்றிலொரு பங்கு வருமானம் போயிற்று. மாதச் சம்பளக்காரர் அதைத் தாங்குவார். மேசனுக்குக் கையாளாகப் போகிறவர் தாங்கமாட்டார்.

எரிபொருட் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நாம் அதைக் கற்றோம். வரிசையில் இரவு பகலாக நின்றபின், ஜூலையில் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆயிற்று. லீற்றருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டியென்றால் 180 கி.மீ. போகவர 15 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் வேலைக்கு ஒருதரம், பிள்ளையைப் பாடசாலைக்கு வேறாக ஒருதரம். நாளுக்கு 30 கி.மீ., ஆறு நாளைக்கு 180 கி.மீ. மாலை வகுப்புக்கும் இரவு வருத்தத்துக்கும் ஒரு சொட்டும் மிச்சமில்லை. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் அந்த ஆண்டில்தான் மீண்டும் வீதிக்கு வந்தன.

பட்டணத்துக்கு வெளியே குடியேற்றப்பட்டவர்களின் இத்தொல்லை எம்முடையது மட்டுமல்ல. சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் நகரத்துக் குடிசை மக்களைக் கொண்டுபோனபோதும், சுனாமியில் வீடிழந்தவர்களுக்குச் செம்மஞ்சேரியில் வீடு கொடுத்தபோதும், கல்வீடு கிடைத்தது. வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் போய்வரும் தூரம் பலருக்கு வருமானத்தைத் தின்றது. சவளக்கடை அவ்வளவு தூரமில்லை. சைக்கிளில் போய்வரலாம் என்பதே இவ்விடத்தின் பெரும் பலம்.

காணி விடயத்தில் ஒரு சொல். இப்பக்கத்தில் பல காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. முத்திரையில் எழுதிக் கையொப்பம் வைத்த கடதாசி உங்களைக் காப்பாற்றாது. வயலை நிரப்பி வளவாக்கி விற்கிறார்களா என்பதையும் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்குக் கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, நிரப்பிய வயலில் மாரி நீர் எங்கே போகும்? அயலவரின் முற்றத்துக்குத்தான். அமைதியான ஊரில் நான் கண்ட சண்டைகளிற் பாதி இதனால் வந்தவை.

இங்கு நன்றாக வாழ்கிறவர்களைப் பார்த்தால், ஒரு காலை மட்டும் பட்டணத்தில் வைத்தவர்களாகவே இருக்கிறார்கள். கணவன் கல்முனைக்குப் போனாலும், மனைவியோ தாயோ வளவில் கத்தரி, பயற்றை, மரவள்ளி வைத்திருப்பார்; நாலு ஆடும் சில கோழியும் இருக்கும்; உறவினரின் வயலில் சிறுபோகத்துக்கு ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். பாதை அடைபட்ட கிழமையில் அடுப்பு எரிவது இதனால்தான்.

பழகியவர்கள் ஐப்பசி பிறந்ததும் தயாராகிவிடுவார்கள். அரிசியும் மாவும் விளக்கெண்ணெயும் வாங்கி வைப்பார்கள். பிரஷர், சீனி வருத்தக்காரருக்கு ஒரு மாத மருந்தைச் சேர்த்தெடுப்பார்கள். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணைக் கல்முனையில் மாமி வீட்டுக்கு முற்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். 2024 இல் உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 இல் தொடங்கி, இரண்டே நாளில் வெள்ளத்தினால் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 இல் மீண்டும் நடந்தது. பரீட்சைப் பிள்ளையை மழைக்கு முன்பே தாம்போதிக்கு அந்தப் பக்கம், புத்தகமும் ஒரு பாயுமாக, உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் இப்போது அந்தத் தயாரிப்புகளில் ஒன்று.