பேருந்தில் எத்தனை பேர்?

ஒரு சின்னக் கணக்கு. 10 − 4 + 3 எவ்வளவு? விடையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்புத் தேர்வில் இதே கணக்கைக் கொடுத்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் 'போட்மாஸ்' விதியை நடத்தியிருந்தேன். அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று எல்லாரையும் மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தேன். வரிசையில் கூட்டல் முன்னால், கழித்தல் பின்னால். ஆகவே முதலில் 4-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 7. பத்தில் ஏழு போக 3. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பை அவசரத்தில் எழுதிய நானும் 'சரி' போட்டுக்கொண்டே போனேன்!

ஒரு மாணவி மட்டும் 9 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். மறுநாள் தாளைக் கையில் பிடித்தபடி மேசை அருகே வந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"சார், பஸ்ஸில பத்துப் பேர் இருக்காங்க. முதல் ஸ்டாப்பிங்கில நாலு பேர் இறங்கிட்டாங்க. அடுத்த ஸ்டாப்பிங்கில மூணு பேர் ஏறினாங்க. அப்போ பஸ்ஸில மூணு பேர்தான் இருப்பாங்களா சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் இறங்கிய பிறகு மிச்சம் இருந்த ஆறு பேரை நான் எங்கே இறக்கிவிட்டேன்? தாள்களை எல்லாம் திரும்ப வாங்கினேன். அவளுக்கு மதிப்பெண் போட்டேன். 3 என்று எழுதியவர்களுக்குக் குறைக்கவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே!

கூட்டலும் கழித்தலும் அண்ணன் தம்பி இல்லை, இரட்டையர். யார் பெரியவர் என்ற பேச்சே கிடையாது. இடப்பக்கத்திலிருந்து எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். வகுத்தலும் பெருக்கலும் அப்படியே. 24 ÷ 6 × 2 என்றால் விடை 8. பெருக்கலை முதலில் செய்தால் 2 வரும், அது தவறு.

சரி, கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வது ஏன்? கடைக்குப் போவோம். ஒரு பேனா 20 ரூபாய். நோட்டு ஒன்று 15 ரூபாய் வீதம் மூன்று நோட்டுகள். 20 + 3 × 15. கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர்கள் பலவற்றில் இதை அப்படியே வரிசையாக அழுத்தினால் 345 என்று காட்டும்! 20-ஐயும் 3-ஐயும் கூட்டி, வந்த 23-ஐ 15-ஆல் பெருக்கிவிடும். ஒரு பேனாவுக்கும் மூன்று நோட்டுக்கும் 345 ரூபாய் கொடுப்பீர்களா? சரியான தொகை 65 ரூபாய்தான். பெருக்கல் என்பது கூட்டலின் சுருக்கம். 3 × 15 என்பதை 15 + 15 + 15 என்று பிரித்து எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அதேபோல் பெருக்கலின் சுருக்கம்தான் அடுக்கு. 3 × 3 என்பதை 3² என்றும், 2 × 2 × 2 என்பதை 2³ என்றும் எழுதுகிறோம். (2³ என்றால் 6 என்று எழுதாத மாணவரை நான் பார்த்ததே இல்லை. அது 8!) எண்ணின் தலைமேல் குட்டி எண்ணை உட்கார வைக்கும் இந்த முறையைப் பரப்பியவர் ஃபிரான்ஸ் நாட்டு மேதை ரெனே டெகார்ட். 1637-இல் வெளிவந்த வடிவியல் நூலில் இப்படி எழுதினார். வேடிக்கை என்னவென்றால், வர்க்கத்தை மட்டும் அவர் பெரும்பாலும் எழுத்தை இரண்டு முறை போட்டே எழுதினார்.

இப்போது 2 × 3² எவ்வளவு? 18-ஆ, 36-ஆ? கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். பக்கத்துக்கு 3 கட்டம் வீதம் இரண்டு சதுரங்கள் வரையுங்கள். எண்ணினால் 18 கட்டங்கள். அதுதான் 2 × 3². அடுத்து, பக்கத்துக்கு 6 கட்டம் உள்ள ஒரே ஒரு சதுரம் வரையுங்கள். 36 கட்டங்கள். அது (2 × 3)². அடைப்புக்குறி போட்டதும் படமே மாறிவிட்டது பார்த்தீர்களா? 'இதை முதலில் செய்' என்று நாம் கட்டளை போடும் இடம் அடைப்புக்குறி. அதனால்தான் அதற்கு முதல் மரியாதை.

உங்களுக்கு ஒரு வேலை. 4 + 4 × 4 − 4 இன் விடை 16. எண்களையும் குறிகளையும் இடம் மாற்றாமல், அடைப்புக்குறி மட்டும் போட்டு 28, 4, 0 ஆகிய மூன்று விடைகளையும் கொண்டுவாருங்கள் பார்க்கலாம். ஒன்றுக்கு மட்டும் இரண்டு அடைப்புக்குறிகள் தேவைப்படும்.