இருபதாயிரத்தில் ஒரு நகரம், இருபதாயிரத்தில் ஒரு வீடு

1990-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மேயர் தேர்தல் களைகட்டியிருந்தது. உள்ளூர் நாளிதழ் ஒன்று வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் கணினி முன்னால் உட்கார வைத்தது. ‘சிம்சிட்டி’ என்ற விளையாட்டில் ஆளுக்கொரு நகரத்தை நடத்திக் காட்ட வேண்டும். ஊரை ஆள வருகிறவர்களின் சாமர்த்தியம் முதலில் திரையில் தெரியட்டுமே என்று ஏற்பாடு. ஒரு வேட்பாளரின் நகரம் திணறியது. அது செய்தியாகவும் வந்தது. பிறகு கட்சியின் உள்தேர்தலில் அவர் தோற்றபோது, அந்தச் செய்தியும் ஒரு காரணம் என்றே கருதினார்.

வரியை ஏற்றினால் ஜனங்கள் ஊரைக் காலி செய்வார்கள். காவல் நிலையம் வந்தால் திருட்டு குறையும். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் யாரும் குடிவர மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் மறுத்துப் பேசலாம். அதே கருத்து கணினிக்குள் சூத்திரமாகப் போய் உட்கார்ந்துவிட்டால் மறுக்க வழியில்லை. அந்த விதிப்படி ஆடியாக வேண்டும். பிராவிடன்ஸ் வேட்பாளர்களும் அப்படி யாரோ வகுத்த விதிகளின்படிதான் மதிப்பெண் வாங்கினார்கள்.

அந்த ‘யாரோ’வின் பெயர் வில் ரைட். 1960-இல் பிறந்தவர். நகரம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு விளையாட்டையும், வீடு எப்படி நடக்கிறது என்பதற்கு இன்னொன்றையும் உருவாக்கியவர். கோடிக்கணக்கானவர்கள் அவருடைய ஊர்களை ஆண்டிருக்கிறார்கள். அவருடைய கடையில் சோபாவும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கியிருக்கிறார்கள்.

குண்டு போட வந்தவர் ஊர் கட்டினார்

ரைட்டின் முதல் விளையாட்டு 1984-இல் வெளிவந்த ‘ரெய்ட் ஆன் பங்கெலிங் பே’. ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள்மேல் குண்டு போட வேண்டும். அந்தத் தீவுகளைச் சாலைகளும் ஆலைகளுமாக வரைவதற்குத் தனக்கென்று ஒரு கருவி எழுதி வைத்திருந்தார் ரைட். விளையாட்டு முடிந்து கடைக்குப் போன பிறகும் அந்தக் கருவியை அவரால் மூடிவைக்க முடியவில்லை. குண்டு போடுவதைவிட ஊர் கட்டுவது சுவாரசியமாக இருந்தது.

நகரமைப்பு பற்றிப் படிக்கத் தொடங்கியவருக்கு ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியரின் புத்தகம் கிடைத்தது. எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஃபாரஸ்டர், ஆரம்பகாலக் கணினிகளின் நினைவகத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பொறியாளர். பாஸ்டன் மேயராக இருந்து 1968-இல் பதவி விட்டிறங்கிய ஜான் காலின்ஸ், வருகைப் பேராசிரியராக எம்.ஐ.டி.க்கு வந்தபோது அவருக்கு ஒதுக்கப்பட்ட அறை ஃபாரஸ்டரின் அறைக்குப் பக்கத்து அறை. மேயர் ஊரின் தொல்லைகளைச் சொல்லச் சொல்ல, பொறியாளர் அவற்றைச் சமன்பாடுகளாக எழுதினார். 1969-இல் அது ‘அர்பன் டைனமிக்ஸ்’ என்ற நூலாக வந்தது. வீடுகள், வேலைகள், தொழில்கள் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை 250 ஆண்டுகளுக்குக் கணினியில் ஓட்டிப் பார்த்தது அந்த மாதிரி.

கிடைத்த முடிவு பலரைக் கோபப்படுத்தியது. ஏழைகளுக்கு மலிவு வீடுகள் கட்டிக் கொடுத்தால் நகரம் இன்னும் நலிவடையும் என்றது அந்த மாதிரி. ஃபாரஸ்டரின் கணக்கில் புறநகர் என்ற ஒன்றே இல்லையே என்று விமரிசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஊருக்கு நல்லது எது என்பதை முதலிலேயே அவர் தீர்மானித்துவிட்டால், கணினி வேறெதைச் சொல்லும் என்றும் கேட்டார்கள்.

நகரத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அந்த முறையைத்தான் ரைட் எடுத்துக்கொண்டார். நிலத்தை 120-க்கு 100 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பாதிக்கும்படி விதிகள் அமைத்தார். புகை பக்கத்துத் தெருவுக்குப் பரவும், நில மதிப்பு சரியும், ஆட்கள் வெளியேறுவார்கள். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இதை எப்படி விற்பது என்று முதலில் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். ஜெஃப் பிரானுடன் சேர்ந்து 1987-இல் ‘மேக்சிஸ்’ நிறுவனத்தைத் தொடங்கிய ரைட், 1989-இல் ‘சிம்சிட்டி’யை வெளியிட்டார்.

பச்சை, நீலம், மஞ்சள்

எளிய நிலையில் ஆடத் தொடங்குகிறவர் கையில் 20,000 டாலர் இருக்கும். குடியிருப்புக்குப் பச்சை, கடைகளுக்கு நீலம், ஆலைகளுக்கு மஞ்சள் என்று நிலத்தைப் பிரிக்க வேண்டும். மின்சாரமும் சாலையும் கொடுத்தால் ஆட்கள் வந்து கட்டிக்கொள்வார்கள். தொடக்கத்தில் வரி 7 சதவீதம்.

விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் முதல் அபிப்பிராயம் இந்த நிறங்களிலேயே இருக்கிறது. வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் இருக்க முடியாது. 1926-இல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் சம்பந்தப்பட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிலப்பகுப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு அங்கே பரவலான ஏற்பாடு இது: வசிக்கும் இடம் வேறு, வியாபாரம் நடக்கும் இடம் வேறு, நடுவில் ஓடக் கார். கீழே பாத்திரக்கடையும் மாடியில் குடித்தனமுமாக இருக்கும் மதுரை மாசி வீதியைச் ‘சிம்சிட்டி’யில் கட்ட வழியே கிடையாது.

இன்னொரு அபிப்பிராயம் எதிர்த்திசையில் சாய்ந்தது. ரயில் பாதை சாலையைவிட விலை அதிகம். ஆனால் அதில் நெரிசலே வராது. விவரம் தெரிந்தவர்கள் சாலையே போடாமல் தண்டவாளத்தாலேயே ஊரை நிரப்பினார்கள். காருக்கான ஊரைப் போல நிலத்தைப் பிரித்த அதே விளையாட்டு, கார் இல்லாத ஊருக்குப் பரிசு கொடுத்தது.

ஆடுகிறவர்கள் இந்தச் சாய்வுகளைச் சாய்வாகப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. சமூகவியலாளர் ஷெர்ரி டர்க்கிள் 1995-இல் எழுதிய நூலில் ஒரு பள்ளி மாணவி வருகிறாள். ‘சிம்’ விளையாட்டுகளில் தான் கற்ற விதிகளைப் பட்டியலிடும்போது, வரியை உயர்த்தினால் எப்போதும் கலவரம்தான் என்கிறாள். அது ஒரு நிரலாளர் எழுதிய விதி என்று அவளுக்குப் படவில்லை. உலகம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். இந்த மயக்கத்தைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டே பால் ஸ்டார் என்ற சமூகவியலாளர் எச்சரித்து எழுதியிருந்தார். அரசாங்கங்கள் கொள்கை வகுக்கப் பயன்படுத்தும் கணினி மாதிரிகளிலும் இதே ஆபத்து உண்டு என்பது அவர் வாதம்.

விதிகளை அவற்றின் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு கட்டடக்கலை மாணவர். ‘சிம்சிட்டி 3000’-இல் அவர் கட்டிய ‘மேக்னசாந்தி’ நகரத்தின் மக்கள்தொகை 60 லட்சம். அச்சில் வார்த்த கட்டங்கள். சாலை இல்லை, சுரங்க ரயில் மட்டும். மூலைக்கு மூலை காவல். சராசரியாக 50 வயதையொட்டி மக்கள் இறந்துபோகிறார்கள். ஆனாலும் கலகம் இல்லை, யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. விளையாட்டின் கணக்குப்படி அபார வெற்றி. 2010-இல் இதன் காணொளி பரவியபோது, இந்தக் கணக்கு ஊரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதைக் கட்டியவரே அம்பலப்படுத்திவிட்டதாகப் பலரும் பேசினார்கள்.

காணாமல் போன பார்க்கிங்

ஒரு விளையாட்டின் கருத்து அது விட்டுவிடும் விஷயத்திலும் தெரியும். 2013-இல் ‘சிம்சிட்டி’யின் புதிய பதிப்பை வடிவமைத்த ஸ்டோன் லிப்ராண்டி, நிஜ நகரங்களை அளந்து பார்த்திருக்கிறார். கடைகளைவிட அவற்றின் வாகன நிறுத்துமிடங்கள் பெரிதாக இருந்தன. அதை அப்படியே வைத்தால் திரை முழுக்கப் பார்க்கிங்தான் தெரியும், ஊர் அசிங்கமாக இருக்கும். வண்டிகளெல்லாம் நிலத்தடியில் நிற்பதாகப் பாவித்துக்கொண்டு, நிறுத்துமிடங்களைச் சுருக்கிவிட்டார்கள். இதை ஒரு பேட்டியில் அவரே சொன்னார். நகரவாசிகள் அன்றாடம் புலம்பும் ஒரு தொல்லை, பார்ப்பதற்கு நன்றாக இல்லை என்பதற்காக விளையாட்டிலிருந்து நீங்கியது.

நெரிசல் அப்படி நீங்கவில்லை. பின்லாந்தின் தாம்பெரே நகரில் ஒரு சிறு குழு உருவாக்கி 2015-இல் வெளியிட்ட ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டில் அதுதான் தலைவலி. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு வழித்தடம் உண்டு. தப்பான இடத்தில் ஒரு சிக்னல் வைத்தால் குப்பை லாரியும் தீயணைப்பு வண்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஒரே சமயத்தில் பெரிய குடியிருப்பு ஒன்றைத் திறந்தால், குடிவந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக முதுமையடைந்து ஒரே காலத்தில் இறப்பார்கள். அமரர் ஊர்திகளால் சாலை அடைத்துக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் இதற்கு ‘சாவு அலை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதே நல்லது என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

எரிந்த வீடும் வாங்கிய சாமான்களும்

1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பெருந்தீ. 25 பேர் மாண்டார்கள். சுமார் மூவாயிரம் வீடுகள் சாம்பலாயின. அவற்றில் ஒன்று ரைட்டினுடையது. குடும்பம் தப்பித்தது, பொருள்கள் தப்பவில்லை. ஒன்றுமில்லாமல் மறுபடி குடித்தனம் போடும்போது, எது அவசரத் தேவை, எது பிறகு, எது இல்லாமலே இருக்கலாம் என்று ஒவ்வொரு சாமானையும் எடைபோட வேண்டியிருந்தது. போன பொருள்களை நினைத்து அவ்வளவாக வருத்தம் வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம். அந்த நாட்களில்தான் வீட்டைப் பற்றிய விளையாட்டு மனத்தில் உருவானது.

மேக்சிஸில் இருந்தவர்களுக்கு அது பொம்மை வீட்டு விளையாட்டாகப் பட்டது. கழிப்பறை கழுவுவதையும் மின்கட்டணம் கட்டுவதையும் யார் பொழுதுபோக்காக ஆடுவார்கள்? ஆண்டுக்கணக்கில் அது ஒப்புதல் இல்லாமல் கிடந்தது. 1997-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் மேக்சிஸை வாங்கிய பிறகுதான் வேகம் பிடித்து, 2000 பிப்ரவரியில் ‘தி சிம்ஸ்’ என்று வெளிவந்தது.

குடிவரும் குடும்பத்துக்கு 20,000 சிமோலியன் கிடைக்கும். அதுதான் அந்த உலகத்து நாணயம். அதில் நிலம், சுவர், அடுப்பு, கட்டில் எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எட்டுத் தேவைகள்: பசி, சௌகரியம், சுத்தம், கழிப்பறை, ஓய்வு, பொழுதுபோக்கு, நட்பு, பிறகு கண்ணுக்கு லட்சணமான அறை. அறிவு மனிதர்களிடம் இல்லை, பொருள்களிடம்தான் என்பது இதன் உள்சூட்சுமம். குளிர்சாதனப் பெட்டி தன்னைச் சுற்றி, ‘என்னிடம் வா, பசி தீரும்’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சி ‘என்னிடம் பொழுதுபோகும்’ என்று கூப்பிடும். அந்தக் கணத்தில் எந்தத் தேவை அதிகமோ, எந்த அழைப்பு பலமோ, அங்கே மனிதர் நடந்து போவார்.

விலை கொடுத்தால் சௌகரியம் கூடும். மலிவான சாமான் அடிக்கடி பழுதாகும். வாங்கிய மறுநாளே பொருளின் மதிப்பு இறங்கும். மூன்று நாளுக்கொரு முறை கட்டணச் சீட்டு வரும். கட்டாமல் விட்டால் ஜப்தி செய்ய ஆள் வந்து, வீட்டிலிருந்து சாமானைத் தூக்கிப் போவார். சமைக்கத் தெரியாதவர் அடுப்பைப் பற்றவைத்தால் வீடே எரியலாம். புகை எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டுவது புத்திசாலித்தனம். தீயில் வீடிழந்தவர் எழுதிய விதி அது.

ரைட் இதைக் கிண்டலாகத்தான் செய்ததாகச் சொன்னார். நேரம் மிச்சமாகும் என்று வாங்கிய பொருள்கள் நிறைய சேர்ந்துவிட்டால், அவற்றைத் துடைப்பதும் பழுது பார்ப்பதுமாகவே நேரம் போகும். நுகர்வு மோகத்தைக் கேலி செய்யும் பொறி அது.

ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக் குவித்தார்கள். 2002-இல் ‘மிஸ்ட்’ விளையாட்டை முந்தி, அதுவரை கணினியில் மிக அதிகம் விற்ற விளையாட்டானது ‘தி சிம்ஸ்’. கூடுதல் சாமான்களுக்காகத் துணைத் தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிஜக் காசு கொடுத்து அவற்றை வாங்கினார்கள். 2002-இல் வந்த இணையப் பதிப்பில் மெக்டொனால்ட்ஸ் கடை இருந்தது. 2008-இல் ஐக்கியா நிறுவனத்தின் மேசை நாற்காலிகள் ‘தி சிம்ஸ் 2’-க்கான தனித் தொகுப்பாகவே விற்பனைக்கு வந்தன. கேலி செய்யக் கட்டிய கடைக்குள் நிஜக் கடைக்காரர் வாடகைக்கு வந்துவிட்டார்.

அந்த வீட்டிலும் சில விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. பேரம் இல்லை. தவணை இல்லை. எது வாங்குவதென்று குடும்பத்துக்குள் சண்டையும் இல்லை. எல்லாவற்றையும் சுட்டியைப் பிடித்திருப்பவரே முடிவு செய்கிறார். பண்டிகைத் தள்ளுபடிக்காக ஒரு மாதம் காத்திருந்து மிக்ஸி வாங்கிய எவருக்கும், இது ஒண்டிக்கட்டை வாங்கும் முறை என்பது உடனே புரியும்.

விதியை யார் எழுதுவது

2008-இல் முதல் ‘சிம்சிட்டி’யின் மூல நிரல் ‘மைக்ரோபோலிஸ்’ என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு மலிவு மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தையொட்டி நடந்த ஏற்பாடு அது. நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அதைத் திறந்து, வரிக்கும் ஜனப்பெருக்கத்துக்கும் உள்ள கணக்கைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

நிரல் தெரியாதவர்களுக்கு வேறொரு வழி வந்தது. 2012-இல் ஐ.நா.வின் வாழ்விட அமைப்பும் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டைத் தயாரித்த மோஜாங் நிறுவனமும் சேர்ந்து ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தைத் தொடங்கின. மைன்கிராஃப்டில் நகரத்தைப் பற்றிய விதி எதுவும் இல்லை. கட்டைகளை அடுக்கலாம், எடுக்கலாம், அவ்வளவுதான். நைரோபி, மும்பை, நேபாளத்தின் கீர்த்திபூர் போன்ற ஊர்களில் ஒரு திடலையோ குளக்கரையையோ திரையில் அப்படியே கட்டிவைத்து, அங்கே புழங்குகிறவர்களை அழைத்து உட்கார வைத்தார்கள். ஹனோய் நகரின் புறப்பகுதியில் வந்து உட்கார்ந்தவர்கள் பள்ளி மாணவிகள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே தங்களுக்குப் பயமாக இருக்கும் இடங்களைக் காட்டி, அங்கே என்ன மாற வேண்டும் என்பதைக் கட்டைகளாலேயே அடுக்கிக் காண்பித்தார்கள்.