நாரி நோ: அறுவடை முடியும்வரை பொறுக்கலாமா?

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகளாகக் கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். ஓய்வுநாளில் இயேசு அவளைக் குணமாக்குகிறார். தொழுகைக்கூடத் தலைவருக்கோ கோபம். மற்ற ஆறு நாட்களில் ஒன்றில் வரக்கூடாதா என்பது அவர் கேள்வி. 18 ஆண்டுகள் பொறுத்தவளை இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்.

நானாட்டான் பகுதியில் நாம் சந்திக்கும் பலர் தமக்குத் தாமே இதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்: "அறுவடை முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவம்." 2007இல் முசலியிலிருந்து இங்கு இடம்பெயர்ந்து வந்தவர்களும், 2008இல் மாந்தை மேற்கை விட்டு வன்னிக்குள் நகர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாம்வரை சென்று மீண்டவர்களும் நம்மிடையே உள்ளனர். மாடும் உழவு இயந்திரமும் போன பலருக்கு மிஞ்சிய முதல் முதுகு ஒன்றுதான். எனவே முதுகு நோவில் எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்று நாம் பிரித்தறிய வேண்டும்.

பெரும்பாலான நோ ஆபத்தில்லாதது

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5 என அசையக்கூடிய 24 எலும்புகள் முள்ளந்தண்டில் உள்ளன. அவற்றுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. நெல் மூடை தூக்கியபின் வரும் நாரிப்பிடிப்பு பெரும்பாலும் தசையும் தசைநாரும் நொந்ததால் வருவது. அநேகமாகச் சில வாரங்களில் தானே குறையும்.

இதற்குப் பாயில் படுத்துக் கிடப்பது மருந்தல்ல. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியரிடையே நடந்த ஆய்வில், இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, இயன்றளவு வழமையான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். நாட்பட்ட நாரி நோவுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், நாரிப்பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாமென 2023இல் வழிகாட்டியுள்ளது. ஆகவே சுடுநீர் ஒத்தடம் கொடுங்கள், மெல்ல நடவுங்கள், பாரத்தைச் சில நாள் தவிருங்கள். கடையில் வாங்கும் நோ மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றுட் பல குடலிற் புண்ணை உண்டாக்கும். வெயிலில், தண்ணீர் போதாமல் உழைப்பவரின் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நோ காலுக்கு இறங்கினால்

நோ பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல இறங்கினால், தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும். மல்லாந்து படுத்திருக்க, மடக்காத காலை மற்றொருவர் மெல்ல உயர்த்தும்போது அந்த நோ கிளம்பினால் ஐயம் வலுக்கும். இதிலும் பலர் சத்திரசிகிச்சையின்றியே தேறுகின்றனர்; ஆனால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் தட்டும் நரம்பும் தெரியாது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பினால், உடலில் எறிகணைத் துண்டு இருப்பவர்கள் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

ஒரு நாளும் பொறுக்கக்கூடாதவை

சலம் போக முடியாமை அல்லது அறியாமலே போதல், மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் விறைப்பு, கால்கள் பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு மீளாது போகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பனையிலிருந்தோ உழவு இயந்திரத்திலிருந்தோ விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தையும் முதுகையும் வளையாமற் காத்து, உதவி வரும்வரை அசையாது வைத்திருங்கள்.

வாரக்கணக்கில் நீடிக்கும் நோவுடன் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இருந்தால் அது முள்ளந்தண்டில் வந்த காசநோயாகவும் இருக்கலாம். இருமல் இல்லாமலும் அது வரும். மாதக்கணக்கில் மருந்தெடுத்தால் குணமாகும். அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம். விட்டுவிட்டால் எலும்பு நொறுங்கிக் கூன் விழும், கால்களும் வழங்காமற் போகலாம். மாதவிடாய் நின்ற தாய்மாருக்குத் திடீரென நடு முதுகு நொந்து உயரம் குறைந்தால், எலும்பு தேய்ந்து உடைந்திருக்கலாம். "வயது போனால் கூனத்தானே வேணும்" என்று விட்டுவிடக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

மூடையை இருவராகத் தூக்குவோம். முழங்காலை மடித்து, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்கி, இடுப்பைத் திருகாமல் பாதங்களைத் திருப்புவோம். மருந்து தாங்கியை முழுக்க நிரப்பாமல் பாதியாக நிரப்பி இரு தடவை சுமப்போம்.

இதற்கும் மேலாக ஒன்று உண்டு. அன்றாடக் கூலியில் வாழ்பவர் கிளினிக் போனால் அன்று அடுப்பு எரியாது. அவர் நாளைக்கு என்று ஒத்திப்போடுவது அறியாமையால் மட்டுமல்ல. ஆகவே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவரது வயல் வேலையை அயலவர் முறைவைத்துச் செய்யட்டும். அன்றைய சாப்பாட்டை மாதர் சங்கம் பொறுப்பெடுக்கட்டும். இதை அடுத்த கூட்டத்திலேயே பேசித் தீர்மானியுங்கள்.

கூனியிருந்த அந்தப் பெண் இயேசுவைக் கூப்பிடவில்லை. அவர்தாம் அவளைக் கண்டு அழைத்தார். நம் பக்கத்து வீட்டில் குனிந்தபடி நடப்பவரை நாம் கண்டோமா?