பாப் காத்திங்: உக்ருல் மலையிலிருந்து ரங்கூன் தூதரகம் வரை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு இருளர் குடியிருப்புக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போவது வழக்கம். பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க. போன மாதம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பொண்ணு ஒருத்தி பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், முதல் பெண் தூதர் யாருன்னு போட்டிருக்கு. எங்காளுங்க யாராவது தூதரா இருந்திருக்காங்களா?"

"எங்காளுங்க" என்று அவள் சொன்னது இருளரை அல்ல, பழங்குடியினரை. எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் கே.ஆர். நாராயணன். உழவூரில் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் பிறந்து, 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, தாய்லாந்து, துருக்கி, சீனா, அமெரிக்கா என்று நான்கு நாடுகளில் தூதராக இருந்து, கடைசியில் குடியரசுத் தலைவரானவர். ஆனால் அவர் பழங்குடி இல்லையே. "பார்த்துச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இது.

பதில்: ராலெங்நாவ் காத்திங். மணிப்பூரின் உக்ருல் பகுதியைச் சேர்ந்த தாங்குல் நாகா. 1972 முதல் 1975 வரை பர்மாவில் இந்தியாவின் தூதர். பழங்குடி ஒருவர் இந்தியத் தூதரானது அதுதான் முதல் முறை. கூட வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. "பாப்" என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

பள்ளி ஆசிரியர், பிறகு சிப்பாய்

1912-இல் பிறந்தவர். அப்போது மணிப்பூர் பிரிட்டிஷ் மேலாண்மைக்குள் இருந்த ஒரு சமஸ்தானம். மலைக்கிராமங்களுக்குப் படிப்பு வந்தது கிறிஸ்தவ மிஷன் வழியாக. காத்திங் இம்பாலில் பள்ளிப்படிப்பு முடித்து, குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவருடைய சமூகத்தில் அந்தக் காலத்தில் பட்டதாரி என்பது விரல்விட்டு எண்ணக்கூட முடியாத விஷயம். ஊருக்குத் திரும்பி உக்ருலில் தலைமை ஆசிரியராக இருந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பிறகு, எல்லை மலைகளில் உளவு பார்க்கவும் திடீர்த் தாக்குதல் நடத்தவும் பிரிட்டிஷார் "வி ஃபோர்ஸ்" என்ற படையை அமைத்தார்கள். உள்ளூர்க்காரர்களை நம்பி நடந்த படை அது. காத்திங் அதில் அதிகாரி. சீருடையைக் கழற்றிவிட்டு, தாங்குல் முறைப்படி தலையைச் சிரைத்து, சிவப்புச் சால்வை போர்த்தி, முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு ஒரு கிராமத்து ஆளாக ஜப்பானியர் பகுதிக்குள் நடமாடினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1944 மார்ச்சில் உக்ருல் பக்கத்திலிருக்கும் சாங்ஷாக்கில் கடுஞ்சண்டை நடந்தது. அதாவது அவர் போர் செய்தது சொந்த ஊர்த் தோட்டந்துரவில். மிலிட்டரி கிராஸ், எம்.பி.இ. இரண்டு விருதும் கிடைத்தன.

போர் முடிந்ததும் மணிப்பூர் மகாராஜா அவரை இடைக்கால அமைச்சரவையில் சேர்த்து மலைப்பகுதிப் பொறுப்பைக் கொடுத்தார். 1948-இல் மணிப்பூரில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்துத் தேர்தல் நடந்தது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்று வருடம் முன்பே! அதிலும் ஜெயித்து அமைச்சரானார். 1949 அக்டோபரில் மணிப்பூர் இந்தியாவோடு இணைக்கப்பட்டு சட்டமன்றம் கலைக்கப்பட்டது. அமைச்சர் வேலை போயிற்று. காத்திங் அசாம் ரைஃபிள்ஸுக்குப் போனார்.

தவாங், 1951

அவர் பெயர் இன்றைக்கும் பேசப்படுவது இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

1914 சிம்லா மாநாட்டில் மக்மகன் கோடு போடப்பட்டபோது தவாங் இந்தியப் பக்கம் வந்தது. ஆனால் அது வரைபடத்தில்தான். நிஜத்தில் அடுத்த 37 வருடமும் திபெத்திய அதிகாரிகளே அங்கே வரி வசூலித்தார்கள். 1950-இல் சீனப்படை திபெத்துக்குள் நுழைந்ததும் டெல்லிக்கும் ஷில்லாங்குக்கும் பதற்றம். கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் நிர்வாகம் செய்கிறார்கள் என்பது திடீரென்று உயிர்போகிற கேள்வியாகிவிட்டது. அசாம் ஆளுநர் ஜெய்ராம்தாஸ் தௌலத்ராம் காத்திங்கை அனுப்பினார்.

1951 ஜனவரி 17 அன்று லோக்ராவிலிருந்து சுமார் 200 அசாம் ரைஃபிள்ஸ் வீரர்கள், 600 சுமைகூலிகளோடு கிளம்பினார். நடுக்குளிர்காலம், வழியில் சேலா கணவாய், கிட்டத்தட்ட 13,700 அடி உயரம். பிப்ரவரி முதல் பாதியில் தவாங் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் மடாலயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. கூடாரம் போட்டுத் தங்கி, ஊர்ப் பெரியவர்களையும் மடத்துப் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டுப் பேசினார். வீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு பலத்தையும் காட்டினார், அதை மறைக்க வேண்டியதில்லை. மொன்பா மக்களுக்குப் பெரிய சுமை திபெத்திய அதிகாரிகளின் வரியும் கட்டாய உழைப்பும். இனி அது கிடையாது என்று சொன்னார். கிராமந்தோறும் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்தார், கொடி ஏற்றினார். ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படவில்லை.

இதைப் படைநடவடிக்கை என்பார்கள். எனக்கென்னவோ இதுதான் அவருடைய முதல் தூதர் வேலை என்று தோன்றுகிறது. பின்னாளில் நேஃபா என்று பெயர் பெற்ற அந்த எல்லைப்பகுதி 1965 வரை வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்தான் இருந்தது; உள்துறையின் கீழ் அல்ல. மலைக்காரர்களிடம் பேச ஒரு மலைக்காரரை அனுப்புவது என்பதில் அரசுக்குக் கணக்கு இருந்தது. பெரியவர்கள் முன்னால் எப்படி உட்கார வேண்டும், எதை முதலில் பேச வேண்டும், எதைப் பேசவே கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகத்தில் கற்றது இல்லை.

இரானில் ஒரு ஒப்பீடு

அதே 1951 பிப்ரவரியில் டெஹ்ரானில் ஒரு கல்யாணம் நடந்தது. ஷா முகமது ரெசா பஹ்லவி, சொராயா என்ற பெண்ணை மணந்தார். சொராயாவின் அப்பா கலீல் எஸ்பந்தியாரி, பக்தியாரி என்ற பழங்குடியின் தலைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிறகு மேற்கு ஜெர்மனிக்கு இரானின் தூதரானார்.

அவரும் பழங்குடி, இவரும் பழங்குடி என்று சொல்லலாமா? வார்த்தை ஒன்று, பொருள் வேறு. இரானில் பக்தியாரி கான்கள் படை வைத்திருந்தவர்கள். 1909-இல் டெஹ்ரானுக்குள் புகுந்து ஒரு ஷாவையே இறக்கியதில் பங்கு உள்ளவர்கள். எண்ணெய்க் கம்பெனியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவர்கள். அந்தக் குடும்பத்து ஆள் தூதராவது, நம்மூர் சமஸ்தானத்து ராஜா வீட்டுப் பிள்ளை தூதரானது மாதிரி. இந்தியாவில் "பட்டியல் பழங்குடி" என்பது அரசு போட்ட பட்டியல். அதில் நாகாவும் உண்டு, நீலகிரி தோடரும் உண்டு, ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளரும் உண்டு. இவர்களுக்கு நடுவிலேயே எவ்வளவு தூரம்!

ரங்கூன்

தவாங்குக்குப் பிறகு நிர்வாகப் பதவிகள். 1957-இல் பத்மஸ்ரீ. 1967 முதல் 1972 வரை நாகாலாந்தின் தலைமைச் செயலாளர். அங்கிருந்துதான் ரங்கூன்.

அந்த நேரத்து பர்மா நமக்கும் தெரிந்த பர்மாதான். 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் வியாபாரத்தையும் தேசியமயமாக்க, லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். வியாசர்பாடியிலும் பாரிமுனையிலும் இன்றைக்கு அத்தோ விற்கிறார்களே, அவர்கள் அப்படி வந்த குடும்பங்கள். திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று நடந்தவர்களில் சிலர் வழியில் மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருக்கின்றன. காத்திங்கின் சொந்த மாநிலத்தில்!

ஆனால் தூதர் காத்திங்குக்கு இன்னொரு சிக்கல், அது சொந்தச் சிக்கல். இந்தியா–பர்மா எல்லை ஒப்பந்தம் 1967 மார்ச்சில் கையெழுத்தானது. அந்தக் கோடு நாகா மக்களுக்கு நடுவில் ஓடுகிறது. தாங்குல்கள் இந்தப் பக்கம் உக்ருலிலும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் சோம்ரா மலைகளிலும் இருக்கிறார்கள். தனிநாடு கேட்ட நாகா போராளிகள் பர்மா காடுகள் வழியாகத்தான் சீனாவுக்குப் போய்வந்தார்கள். 1966-இல் அப்படிக் கிளம்பிய குழுவில் ஒரு தலைவர் துயிங்கலெங் முய்வா. அவரும் உக்ருல்காரர், அவரும் தாங்குல். ஒரே மலை, ஒருவர் பர்மாவைக் காடு வழியாகக் கடந்தார், இன்னொருவர் ஆறு வருடம் கழித்து இந்தியக் கொடி கட்டிய காரில் ரங்கூனில் போனார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நாகா மலைகளில் ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்த சட்டம் 1958-இல் வந்தது. கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த அரசின் அதிகாரியாக இருந்தவரைத் தன் ஆள் என்று சொல்லத் தயங்குகிற நாகாக்கள் இருந்தால் அதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், பேசித் தீர்க்கலாம் என்று நம்பி, பேசுகிற இடத்தில் போய் உட்கார்ந்த ஒரு மலைக்காரர் இவர். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க முடிகிறது.

1990 ஜனவரியில் இறந்தார். பல வருடம் தவாங்கிலேயே அவருக்கு ஒரு நினைவிடம் கிடையாது. 2021 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள்; 2024 அக்டோபர் 31 அன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

திரும்பவும் ஏரிக்கு

பழவேற்காடு ஏரிக்குள்ளேயும் ஒரு எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் தமிழ்நாடு, பெரும்பகுதி ஆந்திரா. தண்ணீரில் கோடு தெரியாது, வலை போட்டால்தான் சண்டையில் தெரியும். ஏரிக்குள் யார், எங்கே, எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைப் பட்டினவர் ஊர்கள் "பாடு" என்ற வழக்கத்தால் பல தலைமுறையாக ஒழுங்குபடுத்தி வருகின்றன. இருளருக்குப் பாடு இல்லை. ஓரத்துச் சேற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் எடுத்துக் கூடையில் போடுவதுதான் அவர்கள் தொழில். ஏரியைப் பற்றிய கூட்டங்கள் சிலவற்றில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரை அந்த மேசையில் இருளர் யாரும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் இந்தக் கதையைச் சொன்னேன். தலையைச் சிரைத்து மாறுவேஷம் போட்டது சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அவள் மட்டும் கேட்டாள்: "அவரு பரீட்சை எழுதித்தான் தூதர் ஆனாரா சார்?"

"இல்லம்மா. அவரோட வழி வேற. இப்ப குடிமைப் பணித் தேர்வு எழுதணும். பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடஒதுக்கீடு. 37 வயசு வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்."

"அதுக்குச் சாதிச் சான்றிதழ் வேணுமே."

வேண்டும். அவள் குடும்பம் மனு கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அப்பாவுக்கும் இல்லை, தாத்தாவுக்கும் இல்லை, அதனால் இவளுக்கும் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை நானும் அவள் அம்மாவும் மறுபடியும் அலுவலகத்துக்குப் போகிறோம். அம்மாவுக்கு அன்றைக்கு இறால் வருமானம் போகும். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.