நடைத்திருப்பயணத்திற்கு ஒரு முதுகுப்பை

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். அதற்கு முன்பே நடந்து புறப்படுகிறவர்கள் செருப்பைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள்; பையைப் பற்றி யோசிப்பதில்லை. நடுவழியில் பையின் வார் அறுந்தால், அந்தச் சுமை உடன் நடப்பவரின் தோளுக்குத்தான் போகிறது.

ஒரு நாள் தேவைக்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் நமக்கு மனம் ஆறாது! கடையில் நிறத்தைப் பார்க்குமுன் தையலைப் பாருங்கள். பெரும்பாலும் பை முதலில் பிரிவது வாரும் பையும் சேரும் இடத்தில்தான். அங்கே நெருக்கமான குறுக்குத்தையல் பலமுறை ஓடியிருக்க வேண்டும். துணியின் நூலுக்கு 'டெனியர்' என்றோர் அளவு உண்டு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். நைலானில் 210 இலேசானது. 420, 500 என்றால் உராய்வை நன்கு தாங்கும். இடுப்புவார் இருந்தால் சுமையில் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். முதியோருக்கு இதை வற்புறுத்தியே சொல்வேன்.

மழைக்குத் தனிப்பை வேண்டாம். உள்ளே ஒரு தடித்த பாலித்தீன் உறை போதும். ஊர் திரும்பியதும் நனைந்த பையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். நிழலில் உலர்த்தி எடுத்து வையுங்கள்.