ஜெயித்தும் நஷ்டமா?

ஒரகடத்தில் பிரஸ் மெஷினில் விரலை இழந்த என் அண்ணன், ஊனத்தொகை வழக்கில் ஜெயித்தார். ஆனால் வந்த பணத்தில் பாதி வக்கீல் ஃபீஸுக்கே போயிடுச்சு. "செலவுத்தொகை கேட்டீங்களாண்ணே?" என்றேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார்.

இருக்கிறது! சிவில் வழக்கில் பொதுவாகத் தோற்றவரே ஜெயித்தவரின் செலவைத் தரவேண்டும். வக்கீல் கட்டணம், போக்குவரத்து, டைப்பிங் உட்பட நியாயமான உண்மைச் செலவு தரப்படவேண்டும் என்று, சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. தொழிலாளர் வழக்கிலும் கேட்கலாம். தருவது நீதிபதியின் விருப்பம். எனவே மனுவிலேயே கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 'ஜெயித்தால் பாதி' என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள்.

நாளை நாமும் அதே மெஷின் முன்னால்தானே நிற்கப்போகிறோம்!