இசைத்தட்டும் எல்லைக்கோடும்

ரைன் நதியின் ஒரு கரையில் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரமும் மறுகரையில் ஜெர்மனியைச் சேர்ந்த கேல் என்னும் சிற்றூரும் பாலங்களால் இணைந்து கிடக்கின்றன. இரு கரையிலும் செலாவணியாவது ஒரே யூரோதான். பாலத்தை நடந்தே கடந்து, கேல் கடைவீதியில் ஒரு குறுந்தட்டை வாங்கிக் கைப்பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்பும் பிரெஞ்சு மாது ஒருத்தியை, அந்தத் தட்டுக்காக யாரும் வழிமறிப்பதில்லை. அவளே அன்றிரவு தன் மேஜைமுன் அமர்ந்து, அதே பாட்டுக்களை ஜெர்மானிய இணையக் கடையொன்றில் பதிவிறக்கமாக வாங்க எண்ணி, பெயரும் விலாசமும் கிரெடிட் கார்டு எண்ணும் வரிசையாகத் தட்டிக் கொடுத்த பிறகு, ‘இது உங்கள் நாட்டில் கிடைப்பதில்லை’ என்ற ஒற்றை வரியைப் பெற்றுத் திகைக்க நேர்வதுண்டு. பணம் கொடுக்க வந்தவரையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் வியாபாரம் உலகில் அதிகமில்லை.

கடைக்காரரின் யந்திரம் பழுதாகிவிடவில்லை. அவர் கையிலுள்ள பத்திரம் அவ்வளவுதான் அனுமதிக்கிறது. ஒரு பாட்டுக்குள் குறைந்தபட்சம் இரண்டு சொத்துக்கள் அடங்கியிருக்கின்றன: வரியும் மெட்டும் ஆக்கியவருடைய உரிமை ஒன்று, அதை ஒலிப்பதிவு செய்த கம்பெனியின் உரிமை மற்றொன்று. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை, பிறநாட்டு ஆசிரியர்களையும் தத்தம் சட்டப்படி ரக்ஷிப்பதாகத் தேசங்களை ஒப்புக்கொள்ளச் செய்ததேயன்றி, உலகம் முழுவதற்குமான ஒரே பட்டா எதையும் எழுதித் தரவில்லை. ஆகவே பாட்டின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி நிலமாகப் பிரிந்து, தனித்தனிக் குத்தகைக்குப் போகிறது. பிரிட்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனி வெளியிட்ட பீட்டில்ஸ் குழுவின் ஆரம்பப் பாட்டுக்களை, அதே கம்பெனிக்குச் சொந்தமான அமெரிக்க ‘கேபிடல்’ நிறுவனம் வேண்டாமென்று தள்ளிவிட, 1963-இல் வீ-ஜே, ஸ்வான் என்ற சிறு கம்பெனிகள் அவற்றை அங்கே வெளியிட்டன என்பது இசை ரசிகர் பலர் அறிந்த கதை. மெட்டுரிமைக்கு வசூல் செய்யும் சங்கங்களும் இவ்வாறே ஜெர்மனியில் கேமா, பிரான்ஸில் சாசெம், ஜப்பானில் ஜாஸ்ராக், இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். என்று எல்லை பிரித்துக்கொண்டு வாழ்கின்றன.

அப்படியானால் குறுந்தட்டு மட்டும் எப்படிப் பாலம் கடந்தது? அதற்கு ஒரு பூர்வகதை உண்டு. ‘டாய்ச்ச கிராமஃபோன்’ என்ற ஜெர்மானிய நிறுவனம் தன் ‘பாலிடார்’ இசைத்தட்டுக்களைத் தான் நிர்ணயித்த விலைக்கே விற்க வேண்டுமென்று உள்நாட்டுக் கடைக்காரர்களை ஒப்பந்தத்தால் கட்டிவைத்திருந்தது. பிரான்ஸிலிருந்த தன் கிளைக் கம்பெனிக்கும் அதே தட்டுக்களை அனுப்பிவந்தது. அங்கே போன தட்டுக்களிற் சில, கைமாறிக் கைமாறி ஜெர்மனிக்கே திரும்பி, ‘மெட்ரோ’ என்னும் வியாபார ஸ்தாபனத்தில் நிர்ணய விலைக்குக் குறைந்து விற்கப்படவே, நிறுவனம் நீதிமன்றம் ஏறியது. ஓர் உறுப்பு நாட்டில் உரிமைக்காரரே, அல்லது அவர் சம்மதத்தின்பேரில் பிறர், சந்தையில் விட்ட தட்டு மற்றோர் உறுப்பு நாட்டுக்குள் வருவதை, அங்கே தாம் விற்கவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தடுக்கலாகாது என்று 1971 ஜூன் 8-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்ற பொருள்மேல் விற்றவனுடைய பிடி அத்தோடு தளர்ந்தது.

பதிவிறக்கத்தில் அந்தப் பிடி தளர்வதே இல்லை. தட்டை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கினால் தட்டு ஒன்றாகவே இருக்கிறது. கோப்பு இடம் பெயரும்போதோ, ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பிரதி பிறக்கிறது, பிரதி எடுக்கும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. பழைய கோப்புக்களை மறுவிற்பனை செய்யப் புறப்பட்ட ‘ரீடிஜி’ என்னும் அமெரிக்க நிறுவனம், 2013-லும் மேல்முறையீட்டில் 2018-லும் தோற்றது இந்தத் தர்க்கத்தினால்தான். சட்டத்துக்கு இது சரியாகப்படலாம். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது என்றும் முழுச் சமாதானம் அளித்ததில்லை.

ஆப்பிள் கம்பெனியின் ஐட்யூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் திறந்து, அடுத்த ஆண்டு ஜூனில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளுக்கு வந்தபோது, அவை ஒரே கடையின் மூன்று வாசல்கள் போலத் தோன்றினாலும் உண்மையில் மூன்று கடைகளாகவே இருந்தன. பெல்ஜிய வங்கி அட்டை வைத்திருப்பவர் பின்னர் திறந்த பெல்ஜியக் கடையில்தான் வாங்கலாம். அட்டையின் விலாசமே அவருக்குப் பாஸ்போர்ட். கண்டத்தில் ஒரு பாட்டு 99 சென்ட்டுக்கு விற்க, பிரிட்டிஷார் 79 பென்ஸ் கொடுத்தனர். 2007-இன் நாணய மாற்றுக் கணக்கில் அது 1 யூரோ 16 சென்ட்டுக்குச் சமம். நுகர்வோர் சங்கமான ‘விச்’ புகார் செய்ய, ஐரோப்பிய ஆணைக்குழு 2007 ஏப்ரலில் ஆப்பிளுக்கும் பெரிய இசைக் கம்பெனிகளுக்கும் ஆட்சேபப் பத்திரம் அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் பிரிட்டனில் விலையைச் சமன் செய்வதாக 2008 ஜனவரியில் ஆப்பிள் வாக்களிக்கவே விவகாரம் முடிந்தது. அந்த ஆண்டே பவுனின் மதிப்பு சரிந்து 79 பென்ஸ் தானாகவே ஏறக்குறைய 99 சென்ட்டாகிவிட்டது வேறு வேடிக்கை. விலை சமனாயிற்று, வாசல்கள் தனித்தனியாகவே நின்றன.

நம்மவர்க்கு அக்காலத்தில் வாசலே இல்லை. ஏ.ஆர். ரஹ்மானுக்கு 2009-இல் ஆஸ்கர் வாங்கித் தந்த ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ பாட்டுக்களை அமெரிக்கர் அக்கடையில் இரண்டு நிமிஷத்தில் வாங்கிக் கேட்க, அவருடைய ஊராரான சென்னைவாசி 2012 டிசம்பரில் இந்தியக் கடை திறக்கும்வரை அங்கே வாங்க இயலவில்லை. அமெரிக்காவிலிருக்கும் மருமகனைவிட்டுப் பரிசு அட்டை வாங்கச் சொல்லி, அதன் பின்புறத்தைச் சுரண்டி எண்ணைப் படித்துக் காட்டச் செய்து, அங்குள்ள விலாசத்தையே தம் விலாசமாகப் பதிந்துகொள்ளும் உபாயம் அப்போது பரவியது இயற்கையே. கடையின் நிபந்தனைகளுக்கு அது விரோதம். கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடலாம். என்றாலும் பாட்டைத் திருடுகிறவனையும், கொடுக்க வேண்டிய காசைக் கொடுப்பதற்காகப் பொய் விலாசம் எழுதுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆஸ்திரேலியப் பார்லிமெண்டுக் குழுவொன்று, இத்தகைய தடைகளைத் தாண்டும் நியாயமான வழிகளை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும்படி 2013-இல் தன் அரசுக்கே சிபாரிசு செய்தது.

விரோதமில்லாத வழியும் உண்டு. 2008-இல் வியாபாரம் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப்’ போன்ற இடங்களில், உலக உரிமை முழுவதையும் தம்மிடமே வைத்திருக்கும் பாடகர் தாமே கடை விரிப்பதால், குத்தகை எல்லை என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. பதிவிறக்க விலையில் அந்தத் தளம் சாதாரணமாக நூற்றுக்கு 15 எடுத்துக்கொள்கிறது.

2018 டிசம்பர் முதல் அமலில் உள்ள ஐரோப்பியச் சட்டம், வாங்குபவர் எந்த உறுப்பு நாட்டவர் என்று பார்த்து வியாபாரி விற்க மறுப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. ஆனால் பதிப்புரிமையுள்ள பாட்டைக் கோப்பாக விற்பதை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே நம் ஸ்ட்ராஸ்பூர் மாது, ஜெர்மானியக் கடையில் குறுந்தட்டைக் கேட்டால், கேலில் வந்து பெற்றுக்கொள்கிறேன் என்ற ஏற்பாட்டில் அவர்கள் கொடுத்தே தீரவேண்டும். பதிவிறக்கத்தைக் கேட்டால் மறுக்கலாம். அவள் பாலத்தைக் கடந்து தட்டை வாங்கிவந்து, கணினியின் வாயில் இட்டு, காப்பி ஆறுவதற்குள் அதைக் கோப்பாக மாற்றித் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொள்கிறாள்.